கெரட்டோகோனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை எப்படி இருக்கும்?

ஒரு அக்கா கேட்டிருந்தார்: “தம்பிக்கு 19 வயது. இரண்டு கண்ணிலும் கெரட்டோகோனஸ். வலது கண்ணுக்கு உடனே சி3ஆர் செய்யச் சொல்கிறார்கள். இடது கண் முற்றிவிட்டதாம், பின்னால் கருவிழி மாற்ற வேண்டி வரலாமாம். ஆபரேஷன் செய்தால் கண்ணாடி இல்லாமல் தெரியுமா? எத்தனை சதவீதம் வெற்றி?”

நான் ஆபரேஷன் செய்யும் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். கருவிழிப் பிரிவில் லென்ஸ் பொருத்துவது என் வேலை. ஆபரேஷன் முடிந்த பிறகு பலர் வந்து உட்காரும் நாற்காலி என்னுடையது. அதனால் டாக்டர் சொல்லும் “வெற்றி”யும் வீட்டில் எதிர்பார்க்கும் “வெற்றி”யும் எங்கே பிரிகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு நேரடிப் பதில்: பெரும்பாலும் இல்லை. எந்த ஆபரேஷன் செய்தாலும், நல்ல பார்வைக்குக் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படும் என்று மனதைத் தயார்செய்து கொள்வதுதான் நல்லது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல, எந்த ஆபரேஷன் எதற்காகச் செய்யப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மாதிரி, கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம். நடுவில் சுமார் 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதைத் தாங்குவது கொலாஜன் இழைகள். கெரட்டோகோனஸில் அந்த இழைகளின் பிடிப்பு தளர்கிறது. படலம் மெலிகிறது, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது, உருண்டையாக இருந்தது கூம்பாகிறது. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி, இருபதுகளில் வேகமெடுத்து, நாற்பதை ஒட்டித் தானாகவே தணியும். உங்கள் தம்பி இரவில் நிலாவைப் பார்த்தால் நாலைந்து நிலா தெரிகிறதா, எழுத்துக்குக் கீழே வால் முளைத்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடியால் முழுசாகச் சரிசெய்ய முடியாத கோளாறு அதுதான். மேடு பள்ளமான பரப்புக்குக் கண்ணாடியில் பவர் எழுத முடியாது.

இதற்கு இருக்கும் ஆபரேஷன்கள் மூன்று வேலைகளில் ஏதோ ஒன்றைச் செய்கின்றன: நோயை நிறுத்துவது, வடிவத்தைக் கொஞ்சம் சீராக்குவது, கெட்ட படலத்தை எடுத்துவிட்டு வேறு வைப்பது. சி3ஆர் முதல் வகை. “நிறுத்தினால் வெற்றி” என்பதுதான் அதன் அளவுகோல். பார்வை கூடினால் அது போனஸ். இதை ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது தெளிவாகச் சொல்லியிருந்தால், என் நாற்காலியில் உட்கார்ந்து கண் கலங்குபவர்கள் பாதியாகக் குறைந்திருப்பார்கள்.

சி3ஆர் என்று நம் ஊரில் சொல்வதை மற்ற இடங்களில் கிராஸ்லிங்கிங் என்பார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தியோ சைலர், எபர்ஹார்ட் ஸ்போர்ல் ஆகியோரின் குழு உருவாக்கியது. கருவிழியின் மேல்தோலை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் சொட்டுகளை அரை மணி நேரம் விடுவார்கள். மஞ்சள் நிறச் சொட்டு. பிறகு புற ஊதா ஒளியை இன்னொரு அரை மணி நேரம் காட்டுவார்கள். வைட்டமினும் ஒளியும் சேர்ந்து கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகளை உண்டாக்க, படலம் விறைப்பாகிறது. இப்போது ஒளியின் வலுவைக் கூட்டி நேரத்தைக் குறைக்கும் முறைகளும் உண்டு. மேல்தோல் எடுத்த பிறகு குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும் என்பது பழைய விதி, உள்ளே இருக்கும் எண்டோதீலியம் செல்களை ஒளி தாக்காமல் காக்க. அதற்கும் மெலிந்த கண்ணுக்கு, ரிபோஃபிளேவினில் ஊறிய கான்டாக்ட் லென்ஸை மேலே வைத்துச் செய்யும் வழியை 2014-ல் சென்னை டாக்டர் சூசன் ஜேக்கப் வெளியிட்டார்.

வலி பற்றி ஒரு வார்த்தை. ஆபரேஷன் மேஜையில் வலிக்காது, மரப்பு மருந்து உண்டு. அன்று ராத்திரி வலிக்கும். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது என்று முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். தோல் மூடும்வரை நாலைந்து நாள் ஒரு பண்டேஜ் லென்ஸ் கண்ணில் இருக்கும். அது விழுந்துவிட்டால் நீங்களாக எடுத்து மாட்டாதீர்கள், போன் செய்துவிட்டுப் போங்கள்.

பலன் என்ன? டிரெஸ்டன் குழு 2003-ல் வெளியிட்ட முதல் முடிவுகளில் 22 பேரின் 23 கண்கள். எல்லாவற்றிலும் நோய் நின்றது, 16 கண்களில் வளைவு சராசரியாக 2 டயாப்டர் (வளைவையும் பவரையும் அளக்கும் அலகு) இறங்கவும் செய்தது. அமெரிக்காவில் பிறகு நடந்த பெரிய ஒப்பீட்டில், ஒரு வருடத்தில் சிகிச்சை பெற்ற கண்களின் உச்ச வளைவு 1.6 டயாப்டர் குறைந்தது, பெறாத கண்களில் 1 டயாப்டர் ஏறியது. அங்கே 2016-ல்தான் அரசு அனுமதி கிடைத்தது. உங்கள் தம்பிக்கு நெருக்கமான ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது, 10 முதல் 16 வயதுள்ள 60 பேரை வைத்து. 18 மாதத்தில், சி3ஆர் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு நோய் கூடியது. கண்ணாடி, லென்ஸ் மட்டும் கொடுத்துக் காத்திருந்தவர்களில் 43 சதவீதம். சிறு வயதில் “ஆறு மாசம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதன் விலை அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது.

இன்னொரு ஆதாரம் எனக்கு இதைவிடப் பிடிக்கும், ஏனென்றால் அது ஸ்கேன் எண்ணை எண்ணவில்லை, ஆளை எண்ணுகிறது. நார்வேயின் ஆஸ்லோவில் ஒரு பெரிய மருத்துவமனையில் 2007-ல் சி3ஆர் வந்தது. அதற்கு முன்பு 2005, 2006 இரண்டு ஆண்டுகளில் கெரட்டோகோனஸுக்காக 55 கருவிழி மாற்று ஆபரேஷன்கள். 2013, 2014 இரண்டு ஆண்டுகளில் 26. நெதர்லாந்தில் நாடு முழுவதும் எண்ணியபோதும் இதே போக்கு, சுமார் கால் பங்கு குறைவு.

குறைகளும் உண்டு. முதல் ஒன்றிரண்டு மாதம் கருவிழியில் லேசான புகை படியும், பார்வை முன்பைவிட மங்கும். இந்தச் சமயத்தில்தான் “சி3ஆர் பண்ணி இருந்ததும் போச்சு” என்று போன் வரும். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாம் மாதத்திலிருந்து தெளியத் தொடங்கும், ஒரு வருடத்தில் பழைய நிலையை எட்டும் அல்லது சார்ட்டில் ஒரு வரி கூடப் படிப்பார்கள். சிலருக்குத் தெளியாது. 2009-ல் சூரிச்சிலிருந்து வந்த ஒரு கணக்கு 117 கண்களைப் பார்த்தது: பார்வையில் இரண்டு வரியோ அதற்கு மேலோ இழந்தவர்கள் 2.9 சதவீதம், சி3ஆர் செய்தும் நோய் நிற்காதவர்கள் 7.6 சதவீதம். உச்ச வளைவு 58 டயாப்டரைத் தாண்டிய கண்களில் தோல்வி அதிகம். உங்கள் தம்பியின் வலது கண்ணில் அந்த எண் என்ன என்று ரிப்போர்ட்டில் பாருங்கள், கே-மேக்ஸ் என்று எழுதியிருக்கும். அபூர்வமாகக் கிருமித் தொற்று வரும். வந்தால் பெரிய தொல்லை, அதனால்தான் முதல் வாரச் சொட்டு மருந்தில் ஒரு வேளை கூடத் தவறக் கூடாது.

சி3ஆர் தோற்கும் கண்களில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம் ஒன்று உண்டு: கசக்குவது. நம் ஊர் வெயில், தூசி, அலர்ஜி. பையன்கள் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். “இப்போதெல்லாம் கசக்குவதில்லை சார்” என்று சொல்லிக்கொண்டே என் எதிரில் கசக்கிய கல்லூரிப் பையன்கள் எத்தனையோ பேர். அலர்ஜிக்குச் சொட்டு மருந்து எழுதித் தராமல் சி3ஆர் மட்டும் செய்து அனுப்பியிருந்தால், திரும்பப் போய்க் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் வகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவிழிக்குள் பிறை வடிவப் பிளாஸ்டிக் வளையத் துண்டுகளைச் செருகிக் கூம்பைத் தட்டையாக்குவது ஒன்று. பிரான்ஸில் ஜோசப் கோலான் 1997-ல் கெரட்டோகோனஸுக்கு இதைத் தொடங்கினார். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் ஒருவருக்கு அற்புதமாக வேலை செய்வது இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு வருடங்கள் கழித்து வளையம் வெளியே துருத்தும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். வளையம் மட்டும் வைத்தால் நோய் நிற்காது, கூடவே சி3ஆர் வேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பதிலாக, தானமாகக் கிடைத்த கருவிழியிலிருந்தே பிறைத் துண்டு வெட்டி வைக்கும் கெய்ர்ஸ் முறையும் மேலே சொன்ன சூசன் ஜேக்கப் சென்னையில் உருவாக்கியதுதான். 2018-ல் 24 கண்களின் முடிவுகளை வெளியிட்டார். உடம்போடு ஒத்துப்போகும் பொருள் என்பதால் துருத்தும் பயம் குறைவு. என்னிடம் வரும் கெய்ர்ஸ் கண்களில் லென்ஸ் பொருத்துவது முன்பைவிட எளிதாக இருக்கிறது என்பது என் அனுபவம். நீண்டகாலக் கணக்கு இன்னும் சேர வேண்டியிருக்கிறது. லேசர் வைத்துக் கொஞ்சம் செதுக்கிவிட்டு சி3ஆர் செய்யும் ஏதென்ஸ் முறை, கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸ் இரண்டும் தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான். சாதாரண லேசிக் மட்டும் கூடவே கூடாது. ஏற்கெனவே மெலிந்த படலத்தை அது இன்னும் மெலிதாக்கும். “பவர் போய்விடும்” என்று யாராவது விளம்பரம் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி இடது கண்.

கருவிழி மாற்று ஆபரேஷன் புதிதல்ல. 1905 டிசம்பர் 7 அன்று, இப்போது செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸில் எட்வர்ட் சிர்ம் செய்ததுதான் நிலைத்து நின்ற முதல் மாற்று. அவருடைய நோயாளிக்குச் சுண்ணாம்பு பட்டுக் கண் கெட்டிருந்தது. மாற்றுக் கருவிழி வைக்கும் நோய்களிலேயே கெரட்டோகோனஸுக்குத்தான் பலன் சிறப்பு என்பார்கள். உண்மைதான், ஏனென்றால் இந்தக் கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லை, கண்ணின் மற்ற பாகங்கள் ஆரோக்கியமாக இருக்கும். ஆனால் அந்தச் “சிறப்பு”க்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதும் கருவிழி மாற்றுகளைப் பதிவு செய்யும் பதிவேடு ஒன்று உண்டு. கெரட்டோகோனஸுக்காக மாற்றிய 4,834 கண்களை வைத்து 2011-ல் வெளியிட்ட முடிவு இது: 10 ஆண்டில் 89 சதவீத மாற்றுகள் தெளிவாக இருந்தன. 20 ஆண்டில் 49 சதவீதம். 23 ஆண்டில் 17 சதவீதம். “தொண்ணூறு சதவீதம் வெற்றி” என்று உங்களிடம் சொன்னால் அது பொய் இல்லை, முதல் பத்து வருடக் கணக்கு. 60 வயதுக்காரருக்கு அது போதும். உங்கள் தம்பிக்கு 19. அவர் இன்னும் அறுபது வருடம் பார்க்க வேண்டும். இன்று ஒன்று வைத்தால், நாற்பது வயதையொட்டி இரண்டாவது வேண்டி வரலாம். இரண்டாவது மாற்று முதலாவதுபோல் நீடிப்பதில்லை.

ஏன் இப்படிச் சரிகிறது? கருவிழியின் உள்பக்கத்தில் எண்டோதீலியம் என்று ஒற்றை வரிசை செல்கள் இருக்கின்றன. தண்ணீரை வெளியே இறைத்துக் கருவிழியைத் தெளிவாக வைப்பது அவைதான். இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டரில் மூவாயிரம் வாக்கில் இருக்கும். செத்தால் மறுபடி முளைக்காது. மாற்று வைத்த கண்ணில் அவை சாதாரணத்தைவிட வேகமாகக் குறைகின்றன. உடம்பு அந்நியமென்று அவற்றைத் தாக்கும்போது, அதாவது ரிஜெக்ஷனில், ஒரே வாரத்தில் ஏராளமாகப் போய்விடும்.

கெரட்டோகோனஸில் நோயாளியின் சொந்த எண்டோதீலியம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நல்லதை ஏன் வெட்டி எறிய வேண்டும் என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் டால்க் முறை. கருவிழியின் முன்பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு, உள்படலத்தை அப்படியே விட்டு, அதன் மேல் தானக் கருவிழியைத் தைப்பார்கள். 2002-ல் அன்வரும் டைக்மானும் வெளியிட்ட “பெரிய குமிழி” உத்தியில், ஊசியால் காற்றைச் செலுத்த, மேல்படலமும் உள்படலமும் பிரிந்து நடுவில் ஒரு வெண்குமிழி உப்பும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நொடி அது. பிரிந்தால் சுத்தம். கிழிந்தால் முழுத் தடிமன் மாற்றாக மாற்றிவிட வேண்டியதுதான். டால்க்கில் உள்செல்கள் அவரவருடையவை, எனவே எண்டோதீலியம் ரிஜெக்ஷன் என்ற பேச்சே இல்லை. இளைஞர்களுக்கு இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அதே ஆஸ்திரேலியப் பதிவேடு 2014-ல் இரண்டையும் ஒப்பிட்டபோது, டால்க் எதிர்பார்த்தபடி முந்தவில்லை, பார்வையில் முழு மாற்றே மேலாக இருந்தது. கையில் பழக்கம் சேராதவர்கள் செய்ததும் அந்தக் கணக்கில் அடங்கும் என்று நான் நினைக்கிறேன். அதனால் டாக்டரிடம் “டால்க் செய்வீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள், “வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எத்தனை முழு மாற்றாக மாறுகிறது?” என்றும் கேளுங்கள்.

எந்த முறையானாலும் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் பதினாறு தையல் வாக்கில் போடுவார்கள், சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை பவர் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் எடுத்த பிறகும் மூன்று நான்கு டயாப்டர் சிலிண்டர் பவர் மிஞ்சுவது சாதாரணம். “கண் மாற்றியாச்சு, ஆனால் லென்ஸ் போடச் சொல்கிறார்கள்” என்று என்னிடம் வருபவர்கள் இவர்கள்தான். ஆபரேஷன் தோற்கவில்லை. கூம்பில் நிற்காத லென்ஸ் இப்போது நிற்கிறது, புகை படிந்த படலம் தெளிவாக இருக்கிறது, அதில்தான் அதன் வெற்றி.

ஒருவரை மறக்க முடியாது. முழு மாற்று செய்து ஐந்து வருடம், நல்ல பார்வை, சொட்டு மருந்தைத் தானாகவே நிறுத்திவிட்டார். ஒருநாள் கண் சிவந்தது. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவியிருந்த சமயம். இதுவும் அதுதான் என்று மெடிக்கலில் ஒரு சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்துவிட்டார். வந்தபோது கருவிழி வெந்நீர் ஆவி படிந்த கண்ணாடி போல இருந்தது. முதல் இரண்டு நாளில் வந்திருந்தால் மணிக்கொரு முறை ஸ்டீராய்டு சொட்டு விட்டுத் திருப்பியிருக்க வாய்ப்பு அதிகம். மாற்று வைத்த கண்ணில் சிவப்பு, வெளிச்சக் கூச்சம், மங்கல், வலி, இந்த நான்கில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை, எத்தனை வருடம் ஆகியிருந்தாலும். ஸ்டீராய்டு சொட்டை நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம், அதனால் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். முழு மாற்று செய்த கண்ணில் தையல் கோடு வாழ்நாள் முழுக்கப் பலவீனமான இடம். கபடி, பாக்ஸிங் எல்லாம் வேண்டாம், கிரிக்கெட் என்றால் பாதுகாப்புக் கண்ணாடியோடு.

எனவே இடது கண்ணுக்கு இப்போதே மாற்று என்று முடிவெடுக்கும் முன், ஸ்க்லீரல் லென்ஸ் முயன்றார்களா என்று கேட்பேன். கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காரும் பெரிய லென்ஸ் அது. உள்ளே உப்புநீர் நிரப்பி மாட்டுவதால் மேடு பள்ளமெல்லாம் அந்த நீருக்குள் மறைந்துவிடும். பெல்ஜியத்தில் கரீனா கோப்பன் குழு 2018-ல் வெளியிட்ட கணக்கில், உச்ச வளைவு 70 டயாப்டரைத் தாண்டிய, மாற்று ஆபரேஷனுக்குப் போயிருக்க வேண்டிய 51 கண்களில் 40 கண்கள் ஸ்க்லீரல் லென்ஸிலேயே சமாளித்தன. விலை அதிகம், மாட்டிப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், சிலர் முதல் நாளே கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். நடுவில் ஆழமான தழும்பு இருந்தால் லென்ஸ் உதவாது, அப்போது மாற்றுதான். கண் திடீரென்று வெள்ளையாகிப் பார்வை மங்கினால் அது ஹைட்ராப்ஸ், உள்படலம் கிழிந்து நீர் புகுந்தது. அதற்கும் உடனே மாற்ற வேண்டியதில்லை, சில மாதத்தில் வற்றும். தழும்பு எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் மேற்கொண்டு முடிவு.

உங்கள் தம்பி விஷயத்தில் நான் செய்வது இது: வலது கண்ணுக்கு சி3ஆரைத் தள்ளிப்போட மாட்டேன். இடது கண்ணின் தடிமனும் வளைவும் இடம் கொடுத்தால் அதற்கும் சி3ஆர் கேட்பேன், பிறகு ஸ்க்லீரல் லென்ஸ் முயல்வேன், மாற்றைக் கடைசிக்கு வைப்பேன். போகும்போது கருவிழியின் வளைவைப் படமெடுக்கும் டொபோகிராபி ஸ்கேன் தாள்கள் எல்லாவற்றையும், முதலில் எடுத்ததிலிருந்து, கலர் பிரிண்ட்டாகவே, தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். ஒரே மெஷினில் எடுத்தவையா என்று பாருங்கள், வேறு வேறு மெஷின் எண்களை ஒப்பிட முடியாது. ஒரு வருடத்தில் கே-மேக்ஸ் ஒரு டயாப்டர் ஏறியிருந்தால் அதில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.